காம்பைப் படியுங்கள்: பழைய வெளிநாட்டு மடக்குக்கத்திகளை இனங்காண ஓர் அறிமுகம்

பழைய மடக்குக்கத்தி ஒன்று கைக்கு வந்தால் பெரும்பாலோர் முதலில் பிடியைத்தான் பார்ப்பார்கள். மான்கொம்பா, எலும்பா, முத்துச்சிப்பியா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பழகியவர்கள் அலகைத் திறந்து அதன் அடியைப் பார்ப்பார்கள். கூர் முடிந்தபின் பிடிக்குள் நுழைகிற தட்டையான பகுதி அது. ஆங்கிலத்தில் டாங் என்பார்கள். இங்கே காம்பு என்று வைத்துக்கொள்வோம். விரல் நகத்தைவிடச் சிறிய அந்த இடத்தில்தான் செய்தவர் பெயர், ஊர், பல நேரம் நாடும் அச்சால் அடிக்கப்பட்டிருக்கும். கத்தி எப்போது பிறந்தது என்பதைக் கிட்டத்தட்டச் சொல்லக்கூடிய சாட்சி அதுவே. ஆனால் அதை எப்படிக் கேட்பது என்று தெரியாவிட்டால் தவறான பதிலைத்தான் சொல்லும்.

நாட்டின் பெயர் ஏன் வந்தது

19ஆம் நூற்றாண்டில் கத்தி உலகின் இரு பெரிய ஊர்கள் இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும். ஷெஃபீல்டுக்குப் பெயர் இருந்தது. சோலிங்கன் மலிவாகச் செய்தது. ஆங்கிலப் பெயர்களும் ஷெஃபீல்டு பாணி முத்திரைகளும் ஜெர்மன் கத்திகளில் ஏற, ஷெஃபீல்டுக்காரர்கள் கொதித்தார்கள். 1887இல் பிரிட்டன் வணிகக் குறிச் சட்டம் கொண்டுவந்து, ஆங்கிலேயச் சரக்குபோலத் தோன்றும் அயல்நாட்டுப் பொருளில் உண்மையான நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. அவமானக் குறியாக ஒட்டவைத்த ‘மேட் இன் ஜெர்மனி’ சில பத்தாண்டுகளிலேயே தர முத்திரையாக மாறியது வேறு கதை.

சேகரிப்பவர்களுக்கு அதைவிட முக்கியமானது அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம். அமெரிக்காவுக்குள் வரும் பொருளில் அது உருவான நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் தெளிவாக இருக்க வேண்டும் என்ற விதி 1891 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே ஷெஃபீல்டு கத்தியில் ஊர்ப்பெயரோடு ‘இங்கிலாந்து’ என்றும் இருந்தால், அது பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. கத்திக்கு விதி இன்னும் கண்டிப்பானது. காகித ஒட்டுச்சீட்டு போதாது. அச்சடித்தோ, அமிலத்தால் அரித்தோ, செதுக்கியோ உலோகத்திலேயே குறிக்க வேண்டும் என்று இன்றைய அமெரிக்கச் சுங்க விதிகளும் சொல்கின்றன. நாட்டின் பெயர் காம்பில் வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் இதுதான்.

இங்கே புதியவர்கள் முதல் குழியில் விழுவார்கள். நாட்டின் பெயர் இல்லாவிட்டால் 1891க்கு முந்தியது என்று முடிவுகட்டிவிடுவார்கள். அது தவறு. அந்த விதி அமெரிக்காவுக்குப் போன சரக்குக்கு. ஷெஃபீல்டிலேயே விற்ற கத்திக்கும், மதராஸுக்கோ கொழும்புக்கோ கப்பலேறிய கத்திக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. நம் வீடுகளில் பாட்டன் பெட்டியிலிருந்து கிடைக்கும் ஷெஃபீல்டு பேனாக்கத்தியில் வெறும் ஊர்ப்பெயர் மட்டும் இருந்தால், அது 1930இல் வாங்கியதாகவும் இருக்கலாம்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது: குறி இருப்பது சாட்சி, இல்லாதது சாட்சி அல்ல. அந்தச் சாட்சியும் ‘இதற்கு முன்பு அல்ல’ என்று மட்டுமே சொல்லும். ‘இந்த ஆண்டுதான்’ என்று சொல்லாது. பழைய அச்சுக் கட்டையைத் தேயும்வரை பயன்படுத்துவதும், முன்பே அடித்து வைத்த அலகுகளைப் பல ஆண்டுகள் கழித்துப் பூட்டுவதும் எல்லா ஆலைகளிலும் நடந்தவை.

சொல் சொல்லும் காலம்

‘வெஸ்ட் ஜெர்மனி’ அல்லது ‘டபிள்யூ. ஜெர்மனி’ என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. இதுதான் இருப்பதிலேயே தெளிவான குறி. ஆனால் அதே ஆண்டுகளில் வெறும் ‘ஜெர்மனி’ என்று அடித்த சோலிங்கன் ஆலைகளும் உண்டு. எனவே ‘வெஸ்ட்’ இல்லாததை வைத்துப் போருக்கு முந்தியது என்று விற்பவர் சொன்னால் வேறு சான்று கேளுங்கள். ‘ஆக்குபைடு ஜப்பான்’ என்றால் இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான் அமெரிக்கப் படைகளின் கீழ் இருந்த காலம். அது 1952 ஏப்ரலில் முடிந்தது. ‘மேட் இன்’ என்ற முழுத் தொடர் 1920கள் முதல் பரவலானது.

ஜெர்மன் கத்திகளில் டி.ஆர்.ஜி.எம். என்ற நான்கெழுத்தைக் கண்டால் மகிழலாம். ஜெர்மன் பேரரசின் வடிவப் பதிவைக் குறிக்கும் அது 1891இல் தொடங்கி, இரண்டாம் உலகப் போரோடு முடிந்தது. டி.ஆர்.பி. என்பது காப்புரிமை, அதன் தொடக்கம் 1877. நடுவில் ‘ஆர்’ போய் ‘பி’ வந்திருந்தால், அதாவது டி.பி.ஜி.எம்., அது போருக்குப் பிந்திய மேற்கு ஜெர்மனி.

துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் சொற்களும் உதவும். ஆங்கிலத்தில் ‘ஸ்டெயின்லெஸ்’, ஜெர்மனில் ‘ரோஸ்ட்ஃப்ரை’, பிரெஞ்சில் ‘இனாக்ஸ்’. ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி அந்த எஃகை உருவாக்கியது 1913இல். ஆகையால் இந்தச் சொல் இருக்கும் கத்தி எதுவும் விக்டோரியா மகாராணி காலத்தது ஆகாது, பிடி எவ்வளவு பழையதாகத் தெரிந்தாலும். எஃகைக் காந்தம் வைத்துச் சோதிப்பவர்கள் உண்டு, வீண்வேலை. சமையலறைப் பாத்திரத்தின் எவர்சில்வரில் காந்தம் ஒட்டாமல் போகலாம். ஆனால் கத்திக்குப் பயன்படும் துருப்பிடிக்காத எஃகு கடினமாக்கப்படுகிற வகை, அதில் காந்தம் நன்றாகவே ஒட்டும்.

அலகில் ஆண்டே அச்சடித்திருந்தால்? அதை நம்புவதுதான் பெரிய ஆபத்து. ஸ்வீடனின் எஸ்கில்ஸ்டுனா ஊரில் ஜோஹான் எங்ஸ்ட்ரோம் செய்த உருளைக்கத்திகளில் 1874 என்று இருக்கும். மரப்பீப்பாய் போன்ற பிடிக்குள்ளிருந்து சட்டத்தோடு அலகை உருவி, மடக்கித் திருப்பிச் செருகும் அழகான பொறி அது. அந்த எண் கத்தி செய்த ஆண்டல்ல. பல பத்தாண்டுகள் அதே எண்ணை அடித்துக்கொண்டிருந்தார்கள். சோலிங்கனின் இரட்டையர் முத்திரை 1731இல் பதிவானது, வூஸ்ட்ஹோஃப் ஆலை 1814இல் தொடங்கியது. அந்த எண்கள் இன்று செய்யும் பொருளிலும் இருக்கும்.

நான்கு ஊர்கள்

ஷெஃபீல்டில் ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் கத்திகள் ஆங்கிலேயக் குடியேற்ற நாடுகள் எங்கும் போயின. நட்சத்திரமும் மால்ட்டாச் சிலுவையும் அதன் அடையாளம். அரசரின் கத்திக்காரர் என்ற தகுதி 1820களில் கிடைத்ததால், கிரீடத்தோடு அரசரின் முதலெழுத்துகளையும் அடித்தார்கள். வி.ஆர். என்றால் விக்டோரியா, 1837 முதல் 1901 வரை. இ.ஆர். ஏழாம் எட்வர்டு, 1910 வரை. ஜி.ஆர். என்றால்தான் சிக்கல். 1820–30இல் ஆண்ட நான்காம் ஜார்ஜும் ஜி.ஆர்., 1910–36இல் ஆண்ட ஐந்தாம் ஜார்ஜும் ஜி.ஆர். நூறாண்டு வித்தியாசம், விலையிலும் அதே அளவு வித்தியாசம். கிடைப்பதில் மிகப் பெரும்பாலானவை பிந்தியவை. ‘இங்கிலாந்து’ என்ற சொல்லோ, செல்லுலாய்டு பிடியோ, துருப்பிடிக்காத எஃகோ கூடவே இருந்தால் கேள்விக்கே இடமில்லை. ஷெஃபீல்டின் இன்னொரு பெரிய பெயர் ஜார்ஜ் வோஸ்டன்ஹோம். அதன் ‘ஐ, நட்சத்திரம், எக்ஸ்எல்’ முத்திரையைச் சேர்த்து வாசித்தால் ‘நான் விஞ்சுகிறேன்’ என்று ஒலிக்கும். அமெரிக்கச் சந்தையையே நம்பியிருந்த நிறுவனம் அது. ஆலைக்கு வாஷிங்டன் என்று பெயர் வைத்த அளவுக்கு.

சோலிங்கன் பெயரை நம்மூரில் பழைய சவரக்கத்திகளிலும் பார்க்கலாம். அந்த ஊர்ப்பெயரை யார் பயன்படுத்தலாம் என்பதற்கு ஜெர்மனியில் 1938 முதலே சட்டம் உண்டு: முக்கியமான வேலைகள் அந்த வட்டாரத்துக்குள் நடந்திருக்க வேண்டும். ‘சோலிங்கன்’ என்பதற்கும் ‘சோலிங்கன் ஸ்டீல்’ என்பதற்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். பின்னதை வேறு நாடுகளில் செய்த மலிவுக் கத்திகளில் தாராளமாக அடித்திருப்பார்கள். ‘ஷெஃபீல்டு ஸ்டீல்’ என்பதற்கும் இதே எச்சரிக்கைதான். சோலிங்கன் நகரின் நடுப்பகுதி 1944 நவம்பர் 4, 5 தேதிகளில் குண்டுவீச்சில் அழிந்தது. மர முத்திரைக்குப் பெயர்பெற்ற போக்கர் ஆலையும் அந்தப் போரில் தரைமட்டமானது. போருக்கு முந்திய மாதிரிகளுக்கு ஆலையின் பதிவேட்டைக் காட்டித் தேதி சொல்கிறேன் என்று யாராவது வந்தால், இதை நினைவில் வைத்துக் கேளுங்கள்.

தொடங்குபவருக்கு நாங்கள் பரிந்துரைப்பது இந்த இரண்டும் அல்ல. பிரான்சின் ஓப்பினெல்லும் சுவிஸ் படைவீரர் கத்தியும்தான். வரலாறு தெளிவாக இருக்கிறது, விலை கைக்கெட்டும், போலி செய்ய யாருக்கும் பெரிய ஆசை வராது.

ஓப்பினெல், சவோய் மலைநாட்டில் 1890இல் பிறந்தது. 1897இல் 1 முதல் 12 வரை அளவு எண்கள் வந்தன. 1930களில் 1ஆம் எண்ணும் 11ஆம் எண்ணும் கைவிடப்பட்டன. ஆகவே பழைய 11ஆம் எண் கிடைத்தால் விடாதீர்கள். கிரீடம் தரித்த கை முத்திரை 1909இல் வந்தது. பிடியின் கழுத்தில் சுழலும் பூட்டு வளையம் 1955இல் சேர்ந்தது. வளையம் இல்லாமல், வளையம் உட்கார வேண்டிய வெட்டும் இல்லாமல் பிடி முனையின் உலோகப் பூணோடு மட்டும் இருக்கும் கத்தி 1955க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் மிகச் சிறிய எண்களில் இன்றும் வளையம் கிடையாது. இதை மறந்து ஏமாறுபவர்கள் உண்டு. வளையம் கழன்று தொலைந்த கத்தியும் உண்டு. பூணில் வளையம் உராய்ந்த கீறல் வட்டமாகத் தெரியும்.

சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்செனர் 1884இல் பட்டறை தொடங்கி, 1891இல் படைக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். கார்க் திருகியோடு கூடிய அதிகாரிகள் கத்தி 1897இல் பதிவானது. தாய் இறந்த 1909இல் அவர் பெயரான விக்டோரியாவை முத்திரையாக்கினார். 1921இல் ‘இனாக்ஸ்’ சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆனது. காம்பில் எல்செனர் மட்டுமா, விக்டோரியாவா, விக்டோரினாக்ஸா என்பதைப் பார்த்தாலே பத்தாண்டுக் கணக்கில் காலம் தெரிந்துவிடும். படைவீரர் கத்தியில் மாதிரிகள் 1890, 1908, 1951, 1961 என்று வரும். 1951இல்தான் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறினார்கள். 1890 மாதிரியில் மரப் பிடி, 1908 முதல் சிவப்பு ஃபைபர் பிடி, 1961 முதல் சொரசொரப்பான அலுமினியப் பிடி. இந்த அலுமினியப் பிடிக் கத்தியின் காம்பில் ஈரிலக்கத்தில் ஆண்டே இருக்கும்: 65 என்றால் 1965. மேலே சொன்ன ‘ஆண்டை நம்பாதே’ விதிக்கு இது விலக்கு, ஏனென்றால் இது விளம்பரத்துக்காக அடித்ததல்ல, படையின் சரக்குக் கணக்குக்காக அடித்தது. டெலேமோன் ஊரின் வெங்கர் நிறுவனமும் அதே படைக்குச் செய்து கொடுத்தது. 2005இல் விக்டோரினாக்ஸோடு சேர்ந்துவிட்டது.

ஜப்பானின் செக்கி நகரைத் தனிக் கட்டுரையில்தான் பேச வேண்டும். 1970கள், 80களில் அமெரிக்கப் பெயர்களில் விற்ற பல உயர்ந்த கத்திகள் அங்கே செய்தவை. ‘ஜப்பான்’ என்றதும் மலிவு என்று தள்ளிவிடாதீர்கள்.

பெயர் இருப்பவரெல்லாம் செய்தவர் அல்ல

காம்பில் நியூயார்க் விலாசமும் ‘ஜெர்மனி’யும் சேர்ந்து இருந்தால் குழம்ப வேண்டாம். பெரிய இறக்குமதி வணிகர்கள் தங்கள் பெயரையே சோலிங்கனில் அடிக்கச் சொல்லி வாங்கினார்கள். அடால்ஃப் காஸ்டர் அப்படி ஒருவர். 1897இல் இறக்குமதி வரி மீண்டும் ஏறியதும், 1902இல் நியூயார்க் மாநிலத்தின் கமில்லஸ் ஊரில் ஆலையையே வாங்கி அங்கேயே செய்யத் தொடங்கினார். இரும்புக்கடைகள், விதைக்கடைகள், மதுபான நிறுவனங்கள்கூடத் தங்கள் பெயரில் கத்தி செய்யச் சொல்லியிருக்கின்றன. அந்தப் பெயர் விற்றவருடையது. செய்தவரை அறிய முன் காம்பைவிடப் பின் காம்பு, அதாவது காம்பின் பின்பக்கம், உதவும். மாதிரி எண்ணோ சிறிய உருவ முத்திரையோ அங்கேதான் இருக்கும். பல அலகுக் கத்தியில் ஒவ்வோர் அலகின் காம்பையும் இருபுறமும் பாருங்கள்.

எழுத்து மங்கிப்போயிருந்தால் தேய்க்காதீர்கள். சாக்பீஸ் தூளை விரலால் தடவி, மேற்பரப்பை மட்டும் துணியால் துடைத்தால் பள்ளத்தில் வெண்மை தங்கும். அறை விளக்கை அணைத்து, கைவிளக்கைக் காம்புக்குக் கிடைமட்டமாகப் பிடித்து, பத்து மடங்கு பெருக்கும் நகைக்கடை லென்ஸால் பாருங்கள். அதே சாய்வொளியில் புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிடி

எலும்புப் பிடி மாட்டின் கால் எலும்பு. லென்ஸில் பார்த்தால் ஊசிமுனை போன்ற கருப்புப் புள்ளிகளும் சிறு கோடுகளும் தெரியும். இரத்தக்குழாய் ஓடிய துளைகள் அவை. எலும்பைப் போலவே வெட்டு வரிகளோடு வார்த்த பிளாஸ்டிக்கில் இந்தப் புள்ளிகள் இருக்காது, இரு பக்க வரிகளும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். டெல்ரின் எனும் அந்த பிளாஸ்டிக் சந்தைக்கு வந்தது 1960இல் என்பதால் அதுவும் ஒரு காலக்கோடு. யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் வலைபோலப் பின்னிய மெல்லிய வளைகோடுகள் தெரியும். முத்துச்சிப்பி கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் இருக்காது.

மான்கொம்பில் நமக்கு நேரடித் தொடர்பு உண்டு. ஷெஃபீல்டும் சோலிங்கனும் விரும்பி வாங்கியது இந்தியக் கடமானின், அதாவது மிளாவின் கொம்பு. ஐரோப்பியச் செம்மான் கொம்பின் நடுவே பஞ்சுபோன்ற சோறு அதிகம். மிளாக் கொம்பு கெட்டியானது. 1990களின் பிற்பகுதியில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியதும் பழைய இருப்புக்கு விலை ஏறியது. ஒன்றை மறக்க வேண்டாம்: இந்தியாவில் மான்கொம்பு, தந்தம், அழுங்காமை ஓடு எல்லாம் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. ‘பழையதுதானே’ என்று வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கத்தில் பொருளும் போகும், வழக்கும் வரும். எலும்பு, மரம், மாட்டுக்கொம்பு, உலோகப் பிடிகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பூண் வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் ஜெர்மன் சில்வர். அதில் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. காந்தத்துக்கு இங்கேதான் வேலை: பூணில் ஒட்டினால் இரும்பு.

செல்லுலாய்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொகுப்பையே நாசமாக்குவது அது. சிப்பி போலவும் ஆமையோடு போலவும் மிட்டாய்க் கோடுகளோடும் கண்ணைப் பறிக்கும் அந்தப் பிடிகள் நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்தவை. விரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசம் வரும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம், அது குபீரென்று பற்றும் பொருள். காலப்போக்கில் இது சிதைந்து அமில ஆவியை வெளிவிடும். முதல் அறிகுறி பிடியில் தெரியாது, அலகில் தெரியும்: மடக்கியபோது பிடிக்குள் இருக்கும் பகுதியில் மட்டும் துரு, உள்ளே பித்தளைத் தகட்டில் பச்சை. பிறகு பிடி மங்கி, உள்ளே கண்ணாடி நொறுங்கியதுபோல வெடிக்கும். தொடங்கியதை நிறுத்த வழியில்லை. காற்றுப் புகாத டப்பாவில் மற்ற கத்திகளோடு வைத்தால் அவற்றுக்கும் துரு தொற்றியதுபோல ஏறும். செல்லுலாய்டுக் கத்திகளைத் தனியாக, காற்றோட்டமாக, வெயில் படாமல் வையுங்கள்.

நிலை, போலி

விலையை முடிவு செய்வது வயதைவிட நிலைமை. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் அலகு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை வைத்துத் தரம் பிரிக்கிறார்கள்: பயன்படுத்தாதது, சாணையே காணாதது முதல் தரம், ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தது ‘சிறப்பு’, கால் பங்கு போனது ‘நன்று’, பாதி போனது ‘சுமார்’. தேய்மானத்தைக் கண்டுபிடிக்க, கத்தியை மடக்கிப் பாருங்கள். முனை பிடிக்குள் முழுதாக மறைய வேண்டும். சாணை தின்ற அலகில் நகக்குழிக்கும் (திறக்க நகம் நுழைக்கும் பள்ளம்) கூருக்கும் இடைவெளி குறுகியிருக்கும், நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அலகு சாணையில் நிறையத் தேய்ந்திருக்கிறது.

திறக்கும்போது பிடியின் முதுகில் இருக்கும் வில் இறுக்கமாக இழுத்து, முடிவில் ‘சடக்’கென்று உட்கார வேண்டும். திறந்த அலகு பக்கவாட்டில் ஆடக்கூடாது. திறந்தபோதும் மடக்கியபோதும் வில்லின் முதுகு பிடியின் முதுகோடு ஒரே மட்டத்தில் இருப்பது நல்ல வேலைப்பாடு.

அலகு மாற்றிய கத்திதான் சந்தையில் அதிகம் ஏமாற்றுவது. பூணில் இருக்கும் அச்சாணியைப் பாருங்கள். பழைய ஆணி பூணோடு ஒன்றாகத் தேய்ந்து கண்ணுக்கே தெரியாது. கழற்றிப் பூட்டியதில் ஆணியைச் சுற்றி மெல்லிய வட்டம், சுத்தியல் தட்டு, அல்லது வேறு நிறம் தெரியும். பிடி தேய்ந்து அலகு புதிதாக இருந்தாலும், முன் அலகில் ஒரு பெயர், பின் அலகில் வேறு பெயர் என்றாலும் சந்தேகப்பட வேண்டும்.

போலி முத்திரையை அடையாளம் காண அதன் செய்முறை தெரிந்தால் போதும். அசல் எழுத்து, எஃகு கடினமாவதற்கு முன்பே இரும்பு அச்சால் அடித்தது. ஓரங்கள் சற்று அமுங்கி, ஆழம் எழுத்துக்கு எழுத்து கொஞ்சம் மாறும். பின்னர் சேர்த்ததைக் கடின எஃகில் அடிக்க முடியாது. அமிலத்தாலோ லேசராலோதான் எழுத வேண்டும். அது ஆழமில்லாமல், ஒரே சீராக, ஓரம் கருத்திருக்கும். இன்னொரு சோதனை இன்னும் எளிது. காம்பில் துரு தின்ற குழிகள் இருந்தால் அவை எழுத்தையும் தின்றிருக்க வேண்டும். குழிகளின் மேல் எழுத்து மட்டும் கூர்மையாக நின்றால் துருவுக்குப் பிறகு வந்த எழுத்து அது.

கை வைக்காத வைத்தியம்

நம்மவர்கள் செய்யும் முதல் வேலை பளபளக்கவைப்பது. அதோடு கத்தியின் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். கார்பன் எஃகின் மேல் படியும் சாம்பல், நீலக் கருமை வெங்காயத்தாலும் பழச்சாற்றாலும் கைவியர்வையாலும் வந்தது. அது எஃகைக் காக்கும் மேல்தோல். எடுக்க வேண்டியது செந்நிறத் துருவை மட்டும். பட்டறைச் சக்கரத்தில் கொடுத்தால் எழுத்தின் ஓரம் உருண்டுவிடும், அலகின் கோணங்கள் கரையும், எதையும் திரும்பக் கொண்டுவர முடியாது.

கத்தியைத் திறந்து, பிடியின் பள்ளத்தில் உள்ள அழுக்கைப் பல்குத்தியால் எடுங்கள். மூட்டில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, மெதுவாக இருபது தடவை திறந்து மூடுங்கள். கறுப்பாக வழிவதைத் துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள். எண்ணெய் தெளிவாக வரும்வரை இதே வேலைதான், மூன்று நான்கு சுற்று ஆகலாம். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம். நாளாக ஆகப் பிசின்போல இறுகும். துருப்புள்ளியின் மேல் எண்ணெய் தடவி ஒரு நாள் விட்டு, செம்புத் துண்டு அல்லது பித்தளைத் துண்டின் விளிம்பால் சுரண்டுங்கள். அவை எஃகைவிட மென்மை என்பதால் கீறாது. உப்புக் காகிதம் தொடவே கூடாது.

இறுகிப்போன அலகை நகத்தால் நெம்பினால் நகம் பிய்யும். இடுக்கியால் பிடித்தால் நகக்குழி உடையும். அவசரப்பட்டால் வில் முறியும். ஓரிரு நாள் மூட்டில் எண்ணெய் ஊறட்டும். ஓப்பினெல் மட்டும் வேறு: மரம் ஈரத்தில் ஊதி அலகைக் கவ்வியிருக்கும். நிழலில் சில நாள் உலர்த்தி, பூட்டு வளையத்தைத் திறந்து, பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் தட்டினால் அலகு தலைநீட்டும். சவோய்க்காரர்கள் திறப்பதே அப்படித்தான்.

தோல் உறையில் வைத்துப் பூட்டிவிடுவது இன்னொரு பொதுவான தவறு. பதனிட்ட தோலில் எஞ்சும் உப்பும் அமிலமும் ஈரத்தை இழுத்து அலகை அரிக்கும், பித்தளையில் பச்சை பூக்கும். உறையைத் தனியாக வையுங்கள். சென்னை, நாகை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேரும். அலகில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு அல்லது மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு, பருத்தித் துணியில் சுற்று, மூடிய டப்பாவில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலம் (செல்லுலாய்டு அல்லாதவற்றுக்கு). நிறம் மாறியதும் ஜெல்லைக் காயவைத்து மீண்டும் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாதம் இருமுறையாவது திறந்து பார்க்க வேண்டும். விரல் ரேகை பட்ட இடத்தில்தான் முதல் துரு வரும்.

வாங்கும் முன்

இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகள், வீட்டு, வேளாண், அறிவியல், தொழில் பயன்பாட்டுக்கு அல்லாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதமாகக் கணக்கிடுகின்றன. சட்டைப்பைக் கத்தி அந்த அளவுக்கு எட்டாது. ஆனால் பொத்தானை அழுத்தினால் பாயும் கத்திகள் வேறு ரகம். பிரிட்டன் 1959இல் அவற்றின் விற்பனையைத் தடுத்தது, அமெரிக்கா 1958இல் மாநிலங்களுக்கிடையே வணிகத்தைத் தடுத்தது, இங்கும் தொல்லைதான். இத்தாலியின் மனியாகோ ஊர்க் கத்திகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். விமானத்தில் எந்தக் கத்தியும் கைப்பையில் போகாது, சரக்குப் பெட்டியில்தான்.

இணையத்தில் வாங்கினால் ஆறு படங்கள் கேளுங்கள்: திறந்த நிலையில் இருபக்கம், மடக்கிய நிலையில் மேலிருந்து, முன் காம்பு, பின் காம்பு, பூணின் ஆணி. காம்பின் படம் மட்டும் மங்கலாக வந்தால், அடுத்த கத்திக்குப் போங்கள்.

வந்து சேர்ந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்: மடக்கிய நீளம் மில்லிமீட்டரில், ஒவ்வோர் அலகின் காம்பிலும் உள்ள எழுத்து புள்ளி மாறாமல், பிடி, பூண், உள்தகடு எந்தப் பொருள், வில்லின் இழுப்பு, வாங்கிய விலை, தேதி. காலம் என்ற இடத்தில் ஓர் ஆண்டை எழுதாமல் ‘இதற்குப் பின்’, ‘இதற்குள்’ என்று இரண்டு எல்லைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்தக் குறியை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். பென்சிலால் எழுதுவது நல்லது. அந்தக் கட்டத்தை அடிக்கடி திருத்த வேண்டியிருக்கும்.